உயரமும் ஓட்டமும்

லிந்துலை மலையிற் பெய்யும் ஒரு துளி மழை எங்கே போய்ச் சேர்கின்றது? புவியியல் இதற்கு எளிதாக விடை கூறும். தேயிலைச் செடியின் அடியில் விழுந்த துளி கானில் இறங்குகின்றது. கான் வழியே ஆக்ரா ஓயாவை அடைகின்றது. தலவாக்கலைப் பகுதியில் நானு ஓயா முதலிய கிளைகளோடு கூடிக் கொத்மலை ஓயா என்னும் பெயர் பெறுகின்றது. பின்னர் மகாவலி கங்கையிற் கலந்து, ஈற்றிலே கொட்டியாரக் குடாவிற் கடலோடு சேர்கின்றது. பௌதிகவியலாரோ இதே பயணத்தை வேறொரு கண்கொண்டு நோக்குவர். கடல் மட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு மீற்றருக்கு மேல் நிற்கும் அத்துளி ஒரு செல்வத்தோடு நிற்கின்றது என்பர் அவர். அச்செல்வத்துக்கு உயரம் என்று பெயர். இறங்க இறங்க, அது உயரத்தைக் கொடுத்து ஓட்டத்தை வாங்கிக்கொள்கின்றது. இக்கொடுக்கல் வாங்கலே பொறிமுறைச் சக்தி பற்றிய பாடத்தின் முதல் அதிகாரமாகும்.

வேலை செய்வதற்கான ஆற்றலையே சக்தி என்று கூறுகின்றோம். ஒரு பொருள் தான் இருக்கும் நிலை காரணமாகப் பெற்றிருக்கும் சக்தி அழுத்த சக்தி எனப்படும். தன் இயக்கம் காரணமாகப் பெற்றிருக்கும் சக்தி இயக்க சக்தி எனப்படும். இவ்விரண்டும் சேர்ந்ததே பொறிமுறைச் சக்தி. தமிழகத்துப் பாடநூல்கள் இவற்றை நிலையாற்றல், இயக்க ஆற்றல் என்று வழங்கும். பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே. நிலையால் உண்டாகும் சக்திக்கு 1853 ஆம் ஆண்டிலே தனிப்பெயர் சூட்டியவர் ஸ்கொத்லாந்து தேசத்துப் பொறியியலாளர் வில்லியம் ராங்கின் என்பவர். பெயர் பிற்காலத்தது, சக்தியோ மலைகள் தோன்றிய நாள்முதல் அங்கேயே இருந்து வருவது.

ஒரு கிலோகிராம் திணிவுள்ள கல்லொன்றை நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கினால், செய்யப்படும் வேலை 9.8 யூல் ஆகும். அவ்வேலை மறைந்து போவதில்லை. கல்லின் உயரத்திலே அது தங்கியிருக்கின்றது. கல்லைக் கைவிட்டால் அது விழும்போது அவ்வளவு சக்தியும் வெளிப்படும். திணிவு இரட்டித்தால் சக்தி இரட்டிக்கும். உயரம் இரட்டித்தாலும் சக்தி இரட்டிக்கும். ஆகவே இக்கணக்கில் எடைக்கு எவ்வளவு இடம் உண்டோ, அவ்வளவு இடம் உயரத்துக்கும் உண்டு. இச்சிறு உண்மையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நன்று. மலைநாட்டின் வாழ்வில் இதற்குப் பெரும் பொருள் இருக்கின்றது.

கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்குப் பதினெட்டு, இருபது கிலோகிராம் கொழுந்து என்பது தோட்டங்களில் வழக்கமாகக் கேட்கப்படும் அளவு. மலை, அதாவது அவள் பறிக்கும் நிரைகள், பள்ளத்தில் இருக்கின்றன. கொழுந்து நிறுக்கும் மடுவம் மேட்டில் இருக்கின்றது. இடையே உள்ள உயரம் நூறு மீற்றர் என்க. இருபது கிலோகிராம் கொழுந்தை அவ்வுயரத்துக்கு ஏற்றுவதற்கு 19,600 யூல் வேலை செய்யவேண்டும். ஆனால் கொழுந்து தானாக ஏறுவதில்லை. அதைச் சுமப்பவளும் கூடவே ஏறுகின்றாள். அவளுடைய திணிவு ஐம்பது கிலோகிராம் எனின், தன்னுடலை ஏற்றுவதற்கு மேலும் 49,000 யூல் வேண்டும். ஆக, ஒரு முறை ஏறுவதற்கு 68,600 யூல். மனித உடலோ தான் கொள்ளும் உணவுச் சக்தியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கையே இவ்விதம் வேலையாக மாற்றவல்லது. எஞ்சியது வெப்பமாகப் போய்விடும். எனவே அவள் உண்டதிலிருந்து செலவாகும் சக்தி இதைப் போல நான்கு மடங்காகும். குளிர்ந்த மூடுபனியிலும் ஏற்றத்தில் ஏறுபவரின் நெற்றியில் வியர்வை அரும்புவது இதனாலேயே.

தோட்டத்துக் குறுக்குப் பாதைகள் நேரே மேல்நோக்கிச் செல்லாமல் வளைந்து வளைந்து செல்வதை யாவரும் அறிவர். இவ்வாறு வளைந்து செல்வதால் வேலை குறைகின்றதா? உயரம் அதேயாதலின், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை குறைவதில்லை. அடிதோறும் வேண்டிய விசையே குறைகின்றது. 1885 இல் நானுஓயா வரை வந்து சேர்ந்த புகையிரதப் பாதையும் இவ்விதியையே கைக்கொண்டது. அப்பாதையின் கடுமையான ஏற்றங்கள் 44 அடி நீளத்துக்கு ஓரடி உயரம் என்னும் அளவில் அமைந்தவை. உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 44 தொன் எடையுள்ள பெட்டியை அவ்வேற்றத்தில் இழுப்பதற்கு ஒரு தொன் எடைக்குச் சமமான விசை போதும். அதற்கு ஈடாக நெடுந்தூரம் இழுக்கவேண்டும். தூரத்தைக் கொடுத்து விசையைக் குறைத்துக்கொள்ளலாம். உயரத்துக்குரிய விலையை மட்டும் எவரும் தள்ளுபடி செய்வதில்லை.

இங்கே ஒரு புதிரும் உண்டு. அதே பெண் கூடையைச் சுமந்துகொண்டு சமதரையிலே ஒரு கிலோமீற்றர் நடக்கின்றாள். கொழுந்தின் உயரம் மாறவில்லை. ஆகவே புவியீர்ப்புக்கு எதிராகக் கொழுந்தின்மீது செய்யப்பட்ட வேலை பூச்சியம் என்று பௌதிகவியல் கூறும். இதைக் கேட்கும் மாணவர் நகைப்பர், சுமப்பவர் சினப்பர். இருவரும் பிழையில்லை. வேலை என்னும் சொல்லைப் பௌதிகவியல் ஒரு குறுகிய பொருளிலே ஆளுகின்றது. தசைநார்கள் சுமையைத் தாங்கி நிற்பதற்கே ஓயாது சுருங்கி விரிந்து சக்தியைச் செலவிடுகின்றன. அச்சக்தி வெப்பமாகின்றதேயன்றிக் கொழுந்தில் ஏறி நிற்பதில்லை. இறங்கும்போதும் அப்படியே. பள்ளத்தை நோக்கிச் செல்கையில் உடலின் அழுத்த சக்தி குறைகின்றது. ஆயினும் அது வயிற்றுக்குத் திரும்பி வருவதில்லை. ஒவ்வோர் அடியிலும் முழங்காலும் தொடையும் அதைத் தடுத்து வாங்குகின்றன. இறக்கத்தில் முழங்கால் நோவதன் காரணம் இதுவே.

மடுவத்திலே கொழுந்தை நிறுக்கும் விற்றராசும் இப்பாடத்திலே ஓரிடம் பெறும். கொக்கியில் சாக்கைத் தொங்கவிட்டதும் உள்ளிருக்கும் சுருள்வில் நீள்கின்றது. நீண்ட வில் தன் பழைய நிலைக்கு மீளத் துடிக்கின்றது. உயரம் மாறாதிருக்கவும், உருவம் மாறியதாலே சேர்ந்த சக்தி இது. இதனை மீள்தன்மை அழுத்த சக்தி என்பர். சாவி கொடுத்த கடிகாரத்தின் வில்லிலும், சிறுவன் இழுத்துப் பிடித்த கவணின் இறப்பர் நாடாவிலும் இருப்பது இதுவே. இன்று பல இடங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. எத்தராசாயினும் அது காட்டுவது எடையை மட்டுமே. எவ்வளவு உயரம் ஏறி வந்த எடை என்பதை அது அறியாது.

இனி, இயக்க சக்தியைப் பார்ப்போம். ஓடும் பொருளின் சக்தி எவ்வளவு என்பது பற்றி ஐரோப்பிய அறிஞரிடையே நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. வேகம் இரட்டித்தால் அதன் வன்மையும் இரட்டிக்கும் என்றனர் ஒரு சாரார். நான்கு மடங்காகும் என்றனர் லைப்னிட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரைப் பின்பற்றியோர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஒல்லாந்து தேசத்துக் கிரேவ்சாண்டே என்பவர் மென்களிமண்ணில் உலோகக் குண்டுகளைப் பல உயரங்களிலிருந்து விழவிட்டுப் பார்த்தார். இரு மடங்கு வேகத்தோடு விழுந்த குண்டு களிமண்ணில் நான்கு மடங்கு பள்ளம் பறித்தது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த எமிலி டு சாத்தலே என்னும் பெண்மணி 1740 இல் வெளியிட்ட தம் நூலிலே இக்கருத்தை வலியுறுத்தினார். திணிவின் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கினால் இயக்க சக்தி கிடைக்கும் என்று இன்று மாணவர் படிக்கும் விதி இவ்வாறு நிலைபெற்றதாகும்.

களிமண்ணிற் கண்ட இவ்வுண்மை மலைப் பாதையில் உயிர் காக்கும் உண்மையாகும். மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் வண்டி அறுபது கிலோமீற்றர் வேகம் கொண்டால், அதை நிறுத்துவதற்குத் தடுப்புக் கருவி நீக்கவேண்டிய சக்தி இரு மடங்கன்று, நான்கு மடங்கு. தடுப்பு விசை அதேயாயின், வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமும் நான்கு மடங்காகும். இறக்கத்திலோ இன்னொரு பாரமும் சேர்கின்றது. பத்துத் தொன் எடையுள்ள வண்டி நானுஓயாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும்போது ஏறத்தாழ நானூறு மீற்றர் உயரத்தை இழக்கின்றது. அதனால் வெளிப்படும் சக்தி மூன்று கோடியே தொண்ணூறு இலட்சம் யூல். தொட்டியொன்றிலுள்ள நூறு லீற்றர் குளிர்நீரைக் கொதிக்கவைப்பதற்கு அது போதும். அவ்வளவையும் தடுப்புக் கருவி ஒன்றே வெப்பமாக்கி வெளியேற்ற முயன்றால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். ஆதலினாலேதான், ஏறுவதற்கு எந்தக் கியரை இடுவார்களோ அந்தத் தாழ்ந்த கியரிலேயே இறங்கவேண்டும் என்பது தேர்ந்த சாரதிகளின் வழக்கமாயிற்று. இயந்திரமே அப்போது சக்தியின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். 2023 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் நானுஓயா ரதெல்லைக் குறுக்குப் பாதையில் நேர்ந்த விபத்தில் ஏழு உயிர்கள் மடிந்ததை மலைநாடு மறக்கவில்லை. இறக்கத்தில் உயரம் வேகமாக மாறுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்பதை அப்பாதையிற் செல்லும் ஒவ்வொருவரும் உணரவேண்டும்.

உயரம் ஓட்டமாக மாறும்போது மொத்தச் சக்தி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. உராய்வு இல்லாதவிடத்து அழுத்த சக்தியில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு இயக்க சக்தியிற் கூடும். எண்பது மீற்றர் உயரமுள்ள சென்கிளயர் நீர்வீழ்ச்சியிலே இதைக் கண்ணாரக் காணலாம். உச்சியில் அமைதியாக நிற்கும் நீர் வீழ வீழ வேகங்கொள்கின்றது. பாறையில் மோதிச் சிதறியபின் அவ்வேகம் எங்கே போயிற்று? இக்கேள்வியைக் கேட்டவர்களுள் ஒருவர், சக்தியின் அலகுக்குத் தம் பெயரையே தந்த ஜேம்ஸ் யூல் என்னும் ஆங்கிலேயர். நயாகரா நீர் நூற்றறுபது அடி வீழ்வதனால் அதன் வெப்பநிலை பாரன்ஹீட் அளவில் ஏறத்தாழ ஐந்திலொரு பாகை உயரும் என்று 1845 இல் அவர் எழுதினார். அதே கணக்கின்படி, சென்கிளயர் வீழ்ச்சியின் அடியிலுள்ள நீர் உச்சியிலுள்ள நீரைக் காட்டிலும் செல்சியசு அளவில் ஐந்திலொரு பாகையளவு வெப்பங்கொள்ளவேண்டும். காற்றும் ஆவியாதலும் குறுக்கிடுவதால் அதை அளந்தறிவது எளிதன்று. எனினும் ஓடிய ஓட்டம் ஒழிந்து போகவில்லை, வெப்பமாக உருமாறியது என்பதே உண்மை.

பாறையில் மோதி வெப்பமாய் வீணாகும் சக்தியைச் சக்கரமொன்றில் மோதவிட்டால் என்ன என்று எண்ணியவரே நீர்மின்சாரத்தின் தந்தையராயினர். இலங்கையில் அவ்வெண்ணத்தை விடாது வலியுறுத்தியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அவர்கள். மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் பெறலாம் என்பதை 1918 இல் ஓர் ஆய்வுரையாக அவர் எடுத்துரைத்தார். அவருடைய கனவான லக்சபான நிலையம் 1950 இலேதான் இயங்கத் தொடங்கியது. அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் காலமானார்.

லிந்துலை மழைக்கு அவ்வாய்ப்பு 2012 இல் வந்தது. அவ்வாண்டிலே திறக்கப்பட்ட மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணை தலவாக்கலையில் இருக்கின்றது. அணையின் உயரம் முப்பத்தைந்து மீற்றரளவே. ஆயினும் அங்கே தேங்கும் நீர் ஏறத்தாழ பதின்மூன்று கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியே சென்று, ஏறத்தாழ 470 மீற்றர் தாழ வீழ்ந்து, நிலத்துக்கடியில் அமைந்த மின்னிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகின்றது. அணையின் உயரத்தைக் காட்டிலும் மலையின் உயரமே இங்கு மூலதனம். ஆயிரம் லீற்றர் நீர் இவ்வளவு தாழ வீழ்ந்தால் நாற்பத்தாறு இலட்சம் யூல், அதாவது ஒன்றேகால் மின்னலகுக்குச் சற்று மேற்பட்ட சக்தி வெளிப்படும். உராய்வினாலும் பொறிகளின் இழப்பினாலும் சிறிது குறையினும், ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரமாய்க் கைக்கு வரும். நிலையத்தின் மொத்த வலு 150 மெகாவாற்று. அந்த நீரும் அத்தோடு ஓய்ந்துவிடுவதில்லை. கொத்மலைப் பெருநீர்த்தேக்கத்தை அடைந்து, 1985 முதல் இயங்கும் அந்நிலையத்தில் மறுபடி உழைக்கின்றது. எஞ்சிய உயரத்தை மகாவலியின் கீழ்நிலையங்களுக்குக் கொடுத்துச் செல்கின்றது.

இதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டதையும் சொல்லவேண்டும். திட்டத்தின் பொருட்டுப் பல நூறு குடும்பங்கள் தம் இருப்பிடங்களை விட்டுப் பெயர்ந்தன. அணைக்குக் கீழே உள்ள சென்கிளயர் வீழ்ச்சிக்கு முன்போல் முழு ஆறும் வருவதில்லை. பகல் வேளைக்கென ஒதுக்கிவிடப்படும் நீரே அதன் அழகைக் காத்துவருகின்றது. ஒரே உயரத்தை இரண்டு முறை செலவிட முடியாது. பாறைக்குக் கொடுத்தால் காட்சி. சுழலிக்குக் கொடுத்தால் வெளிச்சம்.

இப்போது பழைய கணக்குக்குத் திரும்பலாம். ஒரு மின்னலகு என்பது முப்பத்தாறு இலட்சம் யூல். கொழுந்துக் கூடையோடு நூறு மீற்றர் ஏறுவது 68,600 யூல் எனக் கண்டோம். அப்படியானால், ஐம்பத்திரண்டு முறை ஏறினாலே ஒரு மின்னலகுக்குச் சமமான வேலையாகும். ஆயிரம் லீற்றர் நீர் இமைப்பொழுதில் செய்துவிடுவதை ஒரு மனித உடல் செய்வதற்கு எத்தனையோ நாட்கள் வேண்டும். இதிலிருந்து மனித உழைப்பு மலிவானது என்று முடிவு கட்டுவோர் பாடத்தைப் பிழையாகப் படித்தவராவர். பொறியும் நீரும் புவியீர்ப்பும் செய்யக்கூடிய வேலையை மனித முதுகின்மேல் ஏற்றுவது வீண் என்பதே இக்கணக்கு உணர்த்துவது.

தேயிலைத் தொழிற்சாலையை அமைத்தவர்கள் இதை அறிந்திருந்தனர். கொழுந்தை வாட்டும் தட்டுகளை மேல்மாடிகளில் வைத்தனர். வாடிய கொழுந்து துவாரத்தின் வழியே தானாகவே கீழ்த்தளத்து உருட்டும் இயந்திரத்தில் விழுந்தது. ஒரு முறை மேலே ஏற்றிவிட்டால் இறங்கும் வேலையைப் புவியீர்ப்பே பார்த்துக்கொள்ளும். சில தோட்டங்களில் மலையுச்சியிலிருந்து தொழிற்சாலை வரை கம்பி கட்டி, கொழுந்துச் சாக்குகளை அதில் தொங்கவிட்டுச் சறுக்கி வரச் செய்ததும் இக்கருத்தாலேயே. ஓடைநீரைக் கொண்டு சக்கரம் சுழற்றித் தொழிற்சாலையை இயக்கிய தோட்டங்களும் பல. தேயிலைக்குக் காட்டிய இந்தச் சிந்தனையைச் சுமப்பவருக்கும் காட்டலாமன்றோ? நிறுக்கும் இடத்தைப் பறிக்கும் நிரைகளுக்கு மேலே அமைப்பதா, கீழே அமைப்பதா என்னும் சிறு தீர்மானம் நாள்தோறும் எத்தனை ஆயிரம் யூலை ஒரு பெண்ணின் உடலிலிருந்து வாங்குகின்றது என்பதை எவரும் ஒரு தாளிலே கணக்கிட்டு அறியலாம்.

உயரம் செல்வம் என்று கூறினோம். அது அபாயமும் ஆகும். சரிவில் நிற்கும் மண்ணும் அழுத்த சக்தியோடே நிற்கின்றது. ஒரு கன மீற்றர் ஈரமண் ஏறத்தாழ இரண்டு தொன் எடையுடையது. லயத்துக்கு நூறு மீற்றர் மேலே நிற்கும் அம்மண்ணிலே ஏறத்தாழ இருபது இலட்சம் யூல் அடங்கியிருக்கின்றது. வேரும் உராய்வுமே அதைப் பிடித்து வைத்திருப்பவை. தொடர்மழை மண்ணின் எடையைக் கூட்டுகின்றது; துகள்களுக்கிடையே புகுந்த நீர் அவற்றின் பிடியைத் தளர்த்துகின்றது. பிடி விட்ட கணமே உயரம் ஓட்டமாகின்றது. 2014 ஒற்றோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே லயங்களை மூடிய மண்சரிவு இவ்விதம் நிகழ்ந்ததே. சரிவில் புதிய வெடிப்புகள் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கி வருதல், சுவர்கள் பிளத்தல் ஆகியன அச்சக்தி அவிழத் தொடங்குவதன் அறிகுறிகள். அவற்றைக் கண்டவர் உடைமைகளைத் தேடி நிற்றலாகாது. உடனே அவ்விடத்தை விட்டு நீங்கவேண்டும். வீடமைப்போர் சரிவின் அடியைத் தவிர்த்து இடந் தெரிவதும், கான்களை அடைபடாது பேணுவதும் இப்பாடத்தின் செயல்முறைப் பகுதியே.

அழுத்த சக்தி, இயக்க சக்தி என்னும் இரு சொற்களும் வகுப்பறையின் கரும்பலகையிலே வெறும் எழுத்துகளாய் நின்றுவிடலாகாது. லிந்துலைப் பாடசாலை மாணவன் ஒருவனுக்கு இதற்கெனத் தனி ஆய்வுகூடம் வேண்டியதில்லை. யன்னலைத் திறந்தால் மலை தெரியும். மலையிலிருந்து இறங்கும் ஓடை தெரியும். ஓடையோரத்துப் பாதையில் கூடையோடு ஏறிவரும் அவன் தாயும் தெரிவாள். மலையின் உயரத்தை அளந்து மின்சாரத்துக்கு விலை குறித்தார்கள். அவள் ஏறிய உயரத்தை அளக்கும் கணக்கை அம்மாணவன் தன் பாடக் கொப்பியிலே முதன்முதலாக எழுதுவானாயின், பௌதிகவியல் அவனுக்கு உண்மையாகவே விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.